சதுர அங்குலத்துக்கு ஆயிரத்து எண்ணூறு

ஏலத்தில் முப்பத்தொன்றாம் லாட் போய்விட்டது, இன்னும் ஆறு, அப்புறம் நம்முடையது. நம்முடையது என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை, வரைந்தவர் ஞானதிரவியம் சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், விற்பது ஏதோ ஒரு டயர் கம்பெனி, வாங்கப்போவது யாரென்று கடவுளுக்கே தெரியாது, நான் வெறும் மதிப்பீட்டாளர். ஆனால் மடியில் கிடக்கிற இந்தப் பளபளப்பான புத்தகத்தில், முப்பத்தெட்டாம் எண் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருபது முதல் இருபத்தைந்து லட்சம் என்று அச்சாகியிருக்கிறதே, அது என் எண். ஏல நிறுவனத்துக்காரர்கள் பன்னிரண்டு போடலாம் என்றார்கள், பதினைந்துக்கு மேல் போனால் ஜனம் பயந்துவிடும் என்றார்கள், நான் மேஜையில் என் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இருபது என்றேன், இருபதுக்குக் குறைந்தால் என் கையெழுத்து கிடையாது என்றேன். தேவகுஞ்சரி கையெழுத்து இல்லாத ஞானதிரவியம் படத்தை இந்த ஊரில் எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் தொடாது, அது அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கர்வம்தான். யாரிடம் மறைக்க. ஹோட்டல்காரன் ஏசியைக் கொட்டிக்கொண்டிருக்கிறான், மத்தியானம் மூன்று மணிக்கு மார்கழி மாதிரி இருக்கிறது, அப்படியும் என் கழுத்துப் பின்னால் வேர்க்கிறது, பட்டுப்புடவை கட்டியிருக்கக்கூடாது. சார் வெள்ளைச் சட்டையில் கை மடித்துவிட்டு, ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மாதிரி சாவகாசமாக இருக்கிறார். எண்பத்தொரு வயது. வந்து உட்கார்ந்ததும் காதிலிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "விலை கேட்டு என்ன செய்ய? நான் மொகத்தைப் பாக்கேன்" என்றார். இவருடைய அந்தத் தைரியத்தில் கால்வாசி இருந்தால் போதும் எனக்கு.

முப்பத்திரண்டு. யாரோ ஒருவருடைய மயில். மயிலுக்கு எப்போதும் ஆள் உண்டு, மயிலைப் பார்த்தால் மயில் என்று தெரியும், வாங்கிய ஆள் வீட்டுக்கு வருகிறவனிடம் விளக்கம் சொல்ல வேண்டாம். ஞானதிரவியம் படத்தில் என்ன இருக்கிறது, ஏழு பூச்சு வெள்ளை, அதைப் பட்டிக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி உள்ளே இருக்கிற சாம்பலை ஒரு கோடாக வெளியே கொண்டுவந்திருப்பார், ஓரத்தில் காவி ஒரு விரல் அகலம், அவ்வளவுதான். அப்படி ஒரு படத்தை நான் முதன்முதலில் பார்த்தது எரிந்துபோன ஓர் ஆபீசில். நான் அப்போது இன்ஷூரன்ஸ் சர்வேயர், நசுங்கிய லாரிக்கும் நனைந்த அரிசி மூட்டைக்கும் நஷ்டம் எழுதிக்கொண்டிருந்தவள், பாரிமுனையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் தீப்பிடித்துவிட்டது என்று அனுப்பினார்கள். ஈரச் சாம்பல் நாற்றம், காலடியில் கூழாகிப்போன ஃபைல்கள், நான் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன், ஸ்டீல் பீரோ இரண்டு, மின்விசிறி நான்கு, சுவரில் புகை படிந்த ஒரு படம், இடது கீழ் மூலை கருகியது. பேனா அங்கே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஆடிட்டர் வந்து மேடம் தண்ணி வேணுமா என்று கேட்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். படம் என்றால் எனக்கு அதுவரை காலண்டர். இதில் ஒன்றுமே இல்லை, ஆனால் அந்தச் சாம்பல் கோட்டைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் எதுவோ நேராகி உட்கார்ந்தது, அதற்கு இன்றைக்கு வரைக்கும் என்னிடம் வேறு வார்த்தை இல்லை. ஆபீசில் மேனேஜர் துணி, சட்டம், பெயின்ட், நானூறு ரூபாய் போடு என்றார். நான் மாட்டேன் என்றேன். பின்பக்கக் கையெழுத்தை வைத்து ஆளைத் தேடி, ஈஞ்சம்பாக்கத்தில் ஓட்டு வீட்டில் மடித்துக் கட்டிய லுங்கியோடு இவரைக் கண்டுபிடித்து, இதற்கு என்ன விலை என்று கேட்டால், "கேட்டு வந்தது நீங்க, நீங்களே சொல்லுங்க" என்று சிரிக்கிறார். நாற்பதாயிரம் என்று எழுதினேன். இந்தக் கிறுக்கலுக்கா என்று மேனேஜர் ஆபீசே கேட்கச் சிரித்தார், மூன்று மாசம் ஃபைலை இழுத்தடித்தார், கடைசியில் பாஸ் ஆனது. ஞானதிரவியத்துக்கு ஒரு காகிதத்தில் முத்திரையோடு எழுதப்பட்ட முதல் விலை அது, என் கையால், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். அந்த மேனேஜர் ரிட்டயர் ஆகி, போன வருஷம் என் ஆபீசுக்கு வந்து, ஞானதிரவியம் சின்னதாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். நான் அவருக்குக் காபி கொடுத்து, சதுர அங்குலத்துக்கு ஆயிரத்து எண்ணூறு என்றேன். காபி ஆறிப்போனது.

ஆயிரத்து எண்ணூறு. அங்கேதான் வந்து இடிக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் அந்த எண்ணில் வந்து இடித்துக்கொள்கிறேன். எங்கள் தொழிலில் அப்படித்தான், ஒரு படம் ஏலத்தில் என்ன விலை போனதோ அதை நீளம் அகலத்தால் வகுத்து, சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று ஒரு வீதம் கண்டுபிடித்து, அதை வைத்து அடுத்த படத்துக்கு விலை போடுவோம். சாரிடம் முதல் தடவை விளக்கினபோது விழுந்து விழுந்து சிரித்தார். "மல்லியப்பூ மாரி மொழம் போட்டு விக்கீங்களா என்னைய? அப்ப காவி வச்ச ஓரத்துக்கும் வெறும் வெள்ளைக்கும் ஒரே வெலையா?" ஒரே விலைதான் சார் என்றேன். "நல்லது, வெள்ளைக்குத்தான் நான் ரொம்ப மெனக்கெட்டது" என்றார். அவருக்கு விளையாட்டு. ஆனால் அந்த ஆயிரத்து எண்ணூறு எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும் கோயம்புத்தூரில் இரண்டு பேருக்கும்.

முப்பத்துமூன்று போயிற்று, முப்பத்துநான்கு மேடைக்கு வருகிறது, வெண்கலப் பிள்ளையார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மும்பையில் இதே மாதிரி ஒரு ஹாலில் நான் சுலோசனா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரில் நூல் மில் வைத்திருக்கிற வேங்கடபதியின் மனைவி, படம் வாங்க ஆலோசனைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஞானதிரவியம், முப்பதுக்கு ஐம்பது அங்குலம், ஆயிரத்து ஐந்நூறு சதுர அங்குலம். எட்டு லட்சத்தில் டில்லிக்காரர் ஒருவர் கழன்றுகொண்டார், அப்புறம் சுலோசனா அம்மாவும் போனில் யாரோ ஒருவரும் மட்டும். ஒன்பது, பத்து, பதினாலு, போன் விடவில்லை, இவரும் விடவில்லை, பதினெட்டில் அவர் கை தயங்கியது. விடாதீங்கம்மா, இன்னும் ஒண்ணு என்றேன். சொன்னது நான். இருபதிலும் சொன்னேன், இருபத்துமூன்றிலும் சொன்னேன், எனக்கு அப்போது உடம்பே லேசாகி மிதந்தது, நாற்பதாயிரத்தில் நான் தொடங்கி வைத்த மனிதர் என் கண் முன்னால் இருபத்தேழு லட்சத்துக்குப் போனார். ஹாலே கை தட்டியது. மூன்று வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் மதிப்பு எழுத அவர்கள் வீட்டுக்குப் போனால், சுலோசனா அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க குஞ்சரி, இந்தக் கூத்தக் கேட்டீங்களா? போன்ல கேட்டது எங்கூட்டுக்காரருங்க!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முப்பதாவது கல்யாண நாள். அவருக்குத் தெரியாமல் இவர் வாங்கித் தர நினைத்திருக்கிறார், இவருக்குத் தெரியாமல் அவர். ஆபீஸ் ரூமைத் தாழ் போட்டுக்கொண்டு போனில் ஏலம் கேட்டிருக்கிறார் மனிதர். "யாரோ ஒருத்தி மும்பைல உட்காந்துட்டு விடமாட்டேங்கறாளேன்னு பல்லக் கடிச்சேனுங்க" என்று வேங்கடபதியும் சிரித்தார். நானும் சிரித்தேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தினதும் சிரிப்பு நின்றது. அந்த இரண்டு பேரில் ஒருவர் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் எட்டரை லட்சத்தில் முடிந்திருக்கும், சதுர அங்குலத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம். சந்தை விலை என்றால் சம்பந்தமில்லாத இரண்டு பேர் மோதிக்கொண்டு வருகிற விலை, புருஷனும் பெண்டாட்டியும் மோதிக்கொண்டால் அதற்கு வீட்டில் வேறு பெயர். அந்த விற்பனையைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று முதல் வருஷம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். நான் சேர்த்தேன். பதினான்கு அறிக்கையில் முதல் வரியாகச் சேர்த்தேன், அதை நம்பி ஐந்து பேர் நேராக ஈஞ்சம்பாக்கம் போய் சாரிடமே படம் வாங்கினார்கள். அவரும் ஓட்டைப் பிரித்துவிட்டு வெளிச்சம் விழுகிற மாதிரி கூரை போட்டுக்கொண்டார்.

அந்த ஒன்பது வருஷத்தில் பெரிய ஞானதிரவியம் ஒன்றுகூட ஹாலுக்கு வரவில்லை. இன்றைக்குத்தான். முப்பதுக்கு நாற்பது, ஆயிரத்து இருநூறு சதுர அங்குலம், ஆயிரத்து எண்ணூறு வீதம் இருபத்தொரு லட்சத்து அறுபதாயிரம். பதினெட்டுக்குக் கீழே என்றால் டயர் கம்பெனி கொடுக்காது, படம் விலைபோகாமல் திரும்பும், திரும்பிய படத்தை நாலைந்து வருஷத்துக்கு ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள், வாங்கின ஐந்து பேரும் சாரிடம் போய் எங்களை ஏமாற்றினீர்களா என்று கேட்பார்கள். என்னிடம் கேட்டால்கூடப் பரவாயில்லை. எண்பத்தொரு வயதில் அவரிடம் கேட்பார்கள். இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒன்பது வருஷத்தில் எத்தனை தடவை காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். சொன்னால் அவர் விலை குறையும் என்று பயந்தேனா, என் விலை குறையும் என்று பயந்தேனா. இரண்டாவதுதான், இந்தக் குளிரில் உட்கார்ந்து எனக்கே நான் பொய் சொல்லிக்கொண்டு என்ன ஆகப்போகிறது. ஆனால் ஒன்று, எண் தப்பு வழியில் வந்ததே தவிர, எண் தப்பு இல்லை. இந்தப் படம் அந்த விலை பெறும். அந்த எரிந்த ஆபீசில் நான் நின்ற நேரம் பொய்யில்லை. என் கண் பொய் சொல்லாது, சொல்லாது, சொல்லாது.

முப்பத்தெட்டு.

வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் தூக்கிவந்து வைக்கிறார்கள். ஹாலில் பேச்சு சற்றுத் தணிகிறது, அல்லது எனக்கு அப்படிக் கேட்கிறது. சார் நிமிரவில்லை, அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, ஆட்களைப் பார்க்கிறார். ஏலக்காரர் இங்கிலீஷில் பன்னிரண்டு என்று தொடங்குகிறார். இரண்டு மூச்சு யாருமில்லை. பின்னாலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் பன்னிரண்டு. மூன்றாவது வரிசையில் நீலச் சுடிதார் போட்ட பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், பதின்மூன்று. கோட்டுக்காரர் பதினாலு. பெண் பதினைந்து. கோட்டுக்காரர் தலையாட்டிவிட்டார், போயிற்று. அப்போது ஓரத்து மேஜையில் போன் வைத்திருக்கிற ஏலக் கம்பெனிப் பெண் கையைத் தூக்குகிறாள். போனில் பதினாறு. போன். சபையில் ஒரு பெண், போனில் யாரோ. அதே காட்சி, இதுவும் அப்படித்தானா, இவளுக்கு இன்றைக்குக் கல்யாண நாளா, எங்கேயோ ஓர் ஆபீஸ் ரூமில் இவள் புருஷன் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பல்லைக் கடிக்கிறானா. எழுந்துபோய் ஏம்மா உங்க வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டுவிடலாமா. எனக்குக் கல்யாண நாள் பரிசாக இத்தனை வருஷத்தில் வந்தது ஒரு மிக்ஸி, அதையும் நான்தான் போய்த் தேர்ந்தெடுத்தேன், ஊரெல்லாம் எப்படி இப்படி ஒருவருக்கொருவர் படம் வாங்கிக்கொள்கிறார்கள். பதினாறு. பெண் கை தூக்கவில்லை. ஏலக்காரர் அவளைப் பார்க்கிறார். அவள் மடியைப் பார்க்கிறாள். பதினாறு என்றால் திரும்பிவிடும், பதினாறு என்றால் எல்லாம் முடிந்தது. என் கைப்பையில் வாசலில் கொடுத்த எண் அட்டை இருக்கிறது, அறுபத்துநான்கு, எல்லோருக்கும் கொடுத்தார்கள், எனக்கும் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை தூக்கினால் பதினேழு, போன்காரர் பதினெட்டுக்குப் போய்விடுவார், படம் பிழைக்கும். மதிப்புப் போட்டவள் ஏலம் கேட்கக்கூடாது. யாருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பையின் ஜிப் பாதி திறந்துவிட்டது, விரலில் அட்டையின் விளிம்பு படுகிறது, மறுபடியும் ஒரு பொய் எண்ணைப் பெற்றெடுக்கப்போகிறாயா குஞ்சரி, முதலாவது தெரியாமல் நடந்தது, இது தெரிந்தே.

"அந்தப் பிள்ள விடாது" என்றார் சார், காது கேட்காதவர் குரலில், நாலு வரிசைக்குக் கேட்கும்படி. "படத்துலேர்ந்து கண்ணை எடுத்து மடியப் பாக்கு பாருங்க. துட்டு எண்ணுது. வேண்டாங்கவ படத்தையே பாத்துக்கிட்டு இருப்பா."

நான் ஜிப்பை மூடினேன். கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், ஐம்பத்துநாலு வயதில் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி. பெண் நிமிர்ந்தாள். பதினேழு. போன் பதினெட்டு. அப்பாடா, இனி திரும்பாது. அவள் பக்கத்தில் இருந்த ஆள், இதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்த தாடிக்காரன், அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "ஏய், போதும்டி. கார் வாங்கணும்னு வச்சிருக்கிற காசு." அவள் கையை உதறிக்கொண்டு பத்தொன்பது. ஐயோ என் ராஜாத்தி. புருஷன் பக்கத்திலேயே இருக்கிறான், போனில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து வேண்டாம் வேண்டாம் என்று இழுக்கிறான், அவனை மீறிக் கேட்கிறாள், இதைவிடச் சுத்தமான விலை உலகத்தில் உண்டா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் நிறைந்துவிட்டது. போன் இருபது. நான் மேஜையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்ன இருபது. தாடிக்காரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். அவள் இருபத்தொன்று. ஏலக் கம்பெனிப் பெண் போனில் கிசுகிசுக்கிறாள், காத்திருக்கிறாள், இன்னும் ஒண்ணு, இருபத்திரண்டு வந்தால் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டிவிடும், இன்னும் ஒண்ணு என்று என் உதடு அதுவாகவே அசைகிறது, மும்பையில் அசைந்த அதே உதடு. அவள் போனை வைத்துவிட்டு இல்லையென்று தலையாட்டினாள். ஒரு தரம். ஏலக்காரர் இங்கிலீஷில்தான் சொல்கிறார், எனக்குத் தமிழில்தான் கேட்கிறது. ரெண்டு தரம். மூணு தரம். சுத்தியல் விழுந்தது. நீலச் சுடிதார்க்காரி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள், அந்தத் தாடிக்காரன் பெருமூச்சு விட்டுவிட்டு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

சார் சட்டைப்பையிலிருந்து மிஷினை எடுத்துக் காதில் வைத்துத் திருகினார். அது கீச்சென்றது.

"எவ்வளவாம்?"

"இருபத்தொண்ணு சார்."

"கொள்ளாமே, நல்ல வெலதான்" என்றார், மழை பெய்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி.

"சார், அந்த மும்பை விலையப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா."

"மில்லுக்காரங்க புருசனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்திக் கேட்டதுதான?"

முப்பத்தொன்பதாம் லாட்டுக்கு யாரோ கை தூக்குகிறார்கள்.

"அந்தம்மா அப்பமே போன் போட்டுச் சொல்லியாச்சு. சொல்லி முடிக்கதுக்குள்ள பத்து மட்டம் சிரிச்சிருக்கும்."

"ஒம்பது வருஷமா தெரிஞ்சும் ஏன் சார் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"வெல சொல்லுத ஆளு நீங்க. நான் வரையுத ஆளு. நீங்க என்னைக்காவது வந்து இந்த வெள்ளையில ஒரு பூச்சு கொறையுதுன்னு சொன்னீங்களா?" என்றார். அப்புறம் என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒவ்வொரு மட்டமும் மீன் கொழம்பு தின்னுட்டு, வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு நிப்பீங்கல்லா. சொல்லப் போறீங்கன்னு நானும் நிப்பேன்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் சுருக்கென்றது.

புத்தகத்தின் பின் அட்டையைத் திருப்பி வகுத்தேன். இருபத்தொரு லட்சம், ஆயிரத்து இருநூறு. இருபத்திரண்டு வருஷமாக மனக்கணக்காகப் போட்டு வந்தவள், இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கோடு கிழித்து, சைபர் அடித்து, இரண்டு தடவை சரிபார்த்தேன். ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. ஐந்நூறு இல்லை, அறுநூறு இல்லை. என்னை ஒன்பது வருஷம் செருப்பு மாட்டிய காலோடு நிற்கவைத்தது வெறும் ஐம்பது ரூபாய். நான் என்னவோ ஒரு பெரிய பொய்யின் மேல் வீடு கட்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எரிந்த ஆபீசில் என் பேனா நின்றதே, அது சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. நாளைக்கு உட்கார்ந்து பதினான்கு அறிக்கையிலும் முதல் வரியை அடித்துவிட்டு இன்றைய எண்ணை எழுதுவேன், ஏன் அடித்தேன் என்பதையும் எழுதுவேன், கேட்கிறவன் கேட்கட்டும். தலை நிமிர்ந்து பதில் சொல்ல என்னிடம் இப்போது ஓர் எண் இருக்கிறது, ஒரு பெண் புருஷன் கையை உதறிவிட்டுக் கேட்ட எண். அந்த மிச்ச ஐம்பது ரூபாயை மட்டும் தவறு என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. சுலோசனாவும் வேங்கடபதியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஆசைப்பட்டதன் விலை அது, சதுர அங்குலத்துக்கு ஐம்பது, அதை எழுத எங்கள் ஃபாரத்தில் கட்டம் கிடையாது. அட்டையின் ஓரத்தில், சார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கல்யாண நாள் என்று எழுதி அதன் எதிரே ஐம்பது போட்டேன்.